இறந்தவர்கள் விலகாத ஊர்

ஆவரங்கரையில் செத்தவர்கள் எழும்பி வந்தார்கள் என்று வெளியூரில் சொல்லுகிறார்கள், அது தப்பு. யாரும் எழும்பி வரவில்லை, எரிக்க வேண்டியவர்களை எரித்து, புதைக்க வேண்டியவர்களைப் புதைத்து, எல்லாம் முறைப்படிதான் நடந்தது, ஆனால் போகவேண்டியவர்கள் போகவில்லை, அவ்வளவுதான். அந்த ஆடி மாதம் முருங்கைக்காய் மொத்த வியாபாரி சொள்ளமுத்து மாரடைப்பில் இறந்து, அவர் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு மகன்கள் ஈரத் தலையோடு திரும்பும்போது, அவர் தண்ணீர் லாரி வரிசையில், தன் வீட்டுக் குடத்துக்குப் பின்னால், துண்டைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டிருந்தார். மூத்த மகன் கிட்டப் போய் “எப்பா” என்றான். அவர் திரும்பவில்லை. தொட்டுப் பார்த்தான், சுவரைத் தொட்டது மாதிரி இருந்தது. லாரி வந்தது, வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை, பின்னால் நின்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒரு பெண்பிள்ளை மட்டும், “செத்தும் வரிசைய விடமாட்டேங்காரே அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

அந்த வரிசையில் தவசிக்கனியும் நின்றார். ஊரில் வேறு யாருக்கும் தோன்றாத ஒன்று அவருக்கு அப்போதே தோன்றியது: வாரியல் ஓடவில்லையோ.

தவசிக்கனிக்கு வேலை நகராட்சி அலுவலகத்தின் பின்பக்க அறையில், ஊரின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது. பிறப்பு, இறப்பு, கல்யாணம், வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, ரேஷன் என்று ஆவரங்கரையில் மூச்சுவிடுகிற, மூச்சுவிட்ட எல்லாரும் அதற்குள் இருந்தார்கள். யாரும் விலைக்கு விற்காத மென்பொருள் அது. எந்தெந்த தேசத்திலோ இருக்கிறவர்கள், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாமல், எழுதிக் கூட்டி, பொதுக்கிணறு மாதிரி திறந்துவிட்டது. தவசிக்கனி அதை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. தீப்பெட்டி ஆபீசில் ராக்காவல் பார்த்த காலத்தில் யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றில் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது. அன்று கெட்ட தூக்கம் அம்பதை நெருங்குகிற இந்த வயதுவரைக்கும் திரும்பி வரவில்லை.

அந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. அதில் அழித்தது உடனே அழியாது. ஒரு பெயரை நீக்கினால் ‘இது முடிந்தது’ என்று அதன்மேல் ஒரு குறி விழும், பெயர் அதே இடத்தில் கிடக்கும். ஒன்றைத் திருத்தினாலும் அப்படித்தான், பழையதைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் புதியதைத் தள்ளி எழுதும். ஊர் உறங்கின பிறகு உள்ளேயிருந்து ஒன்று தானாகக் கிளம்பி, முடிந்தவற்றையெல்லாம் பெருக்கி, அந்த இடங்களை இனி வரப்போகிறவர்களுக்காக ஒழித்து வைக்கும். அதைத்தான் தவசிக்கனி வாரியல், விளக்குமாறு, என்பார். அந்த வாரியலுக்கு ஒரு மரியாதை இருந்தது: யாராவது ஒருத்தர் ஒன்றை எழுதத் தொடங்கி முடிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கும்வரை, அவர் தொடங்கினதற்குப் பிறகு முடிந்த எதையும் அது தொடாது.

அவர் போய்ப் பார்த்தார். வாரியல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் போனது, ஊர் முழுக்கச் சுற்றியது, வெறுங்கையோடு திரும்பி வந்து, ‘இவர்கள் இறந்தவர்கள், ஆனால் இன்னும் அகற்ற முடியாது’ என்று எழுதி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

முதலில் ஊர் சங்கடப்பட்டது, பிறகு பழகியது, பிறகு வசதி செய்துகொண்டது. டீக்கடை ஆறுமுகநயினார் தன் கடைமுன் நின்றுபோன லாட்டரிக்கார மாமாவின் நீட்டிய கையில் காலிப் பால்தூக்கை மாட்டினார். மேலத்தெருப் பெண்கள் கூடிப் பேசி, புருசன் கண்முன்னால் நிற்கிறவரைக்கும் பொட்டை அழிக்க வேண்டாம் என்று முடிவுகட்டினார்கள், “அவரு நிக்காரே, பொறவு எதுக்கு?” என்று ஆம்பிளைகளிடம் கேட்டார்கள். வயலை அளந்து தீராத அண்ணன் தம்பி இரண்டு பேர், வரப்பில் நின்ற அப்பாவையே எல்லைக்கல்லாக ஒத்துக்கொண்டு சமாதானமானார்கள். கல்யாணப் பந்தியில் இறந்தவர்கள் முன்னாலும் இலை போட்டார்கள். சாப்பிடமாட்டார்கள், ஆனால் இலை போடாமல் தாண்டிப் போக பரிமாறுகிறவர்களுக்குக் கை வரவில்லை. ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தரையும் “உயிரோட இருக்கேரா?” என்று கேட்டுத்தான் அடுத்தவரிடம் போகமுடிந்தது, பதில் வராவிட்டால் இறந்தவர், பதில் வந்தால் அரிசி. அப்படியே ஊரில் எல்லாம் மெதுவாயிற்று. பஸ் மெதுவாயிற்று, பூசை மெதுவாயிற்று, ஒரு குடம் தண்ணீர் பிடிக்கப் போனவள் பொழுது சாயத்தான் வீடு திரும்பினாள், இறந்தவர்களைச் சுற்றிச் சுற்றி நடந்தே ஊருக்குக் கால் வலித்தது.

செத்தவர்கள் மட்டும் இல்லை. கல்யாணமாகி வேறு தெருவுக்குப் போன பெண்களுக்கு விலாசம் திருத்தினபோது, திருத்துவதற்கு முந்தினவள் பிறந்த வீட்டிலேயே நின்றுவிட்டாள். தவசிக்கனியின் ஒரே மகள் சந்தனமாரி ஊருக்குள்ளேயே இருக்கிற கீழூருக்கு வாக்கப்பட்டுப் போனவள். தை மாதம் நடந்த கல்யாணத்தை அவள் ஆவணியில்தான் பதிந்தாள், பதிந்த அன்று சாயங்காலம் தவசிக்கனி வீட்டு அடுக்களை ஜன்னலோரம், தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றின கோலத்தில், ஒரு பழைய சந்தனமாரி நின்றாள். முன்நெற்றி முடியில் ஒரு துளி, விழப்போகிறமாதிரி, விழாமல் நின்றது. வயிற்றுச் சுமையோடு அப்பாவைப் பார்க்க வந்தபோது சந்தனமாரி தன்னையே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எப்பா, இவ என்னைய விட நல்லா இருக்காளே. இவளுக்கே சோறு போட்டுக்கிட்டு இருங்க, நான் போறேன்” என்று சிரித்தாள். தவசிக்கனியும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அடுக்களை விளக்கை அவர் அணைப்பதில்லை, டீ போடும்போது இரண்டு டம்ளர் எடுப்பதை அவரே கவனிக்கவில்லை. அவர் மனைவி இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. வாரியல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் போனவள் அவள். அவள் நின்ற இடம் என்று வீட்டில் எதுவும் இல்லை.

அதனால்தானோ என்னவோ, காரணம் தேடுவதில் அவர் அவசரப்படவில்லை.

நகராட்சி ஆணையர் அவசரப்பட்டார். “என்னவே இது, ஒரு பிறப்புச் சான்று எடுக்க ஒரு பொழுது ஆவுது? மெசின் சின்னதா இருக்கும். பெருசு வாங்குவோம்” என்றார். பெரியது வாங்கினார்கள், இறந்தவர்கள் தாராளமாக நின்றார்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்று எழும்ப என்று தவசிக்கனி பக்கத்திலேயே ஒரு சர்வரை வைத்து, முதலாவதில் நடப்பதெல்லாம் அதிலும் அப்படியே நடக்கும்படி வைத்திருந்தார். அதையாவது பார்ப்போம் என்று திறந்தால், சொள்ளமுத்து அதிலும் துண்டோடு நின்றார்.

இறந்தவர்களில் ஒருத்தன் மட்டும் நடந்தான். அவன் மிக்கேல். பிறப்பு இறப்புப் பிரிவு கிளார்க் அமலோற்பவத்தின் மகன், ஆடி மாதத் தொடக்கத்தில், சொள்ளமுத்துவுக்கும் முந்தி, பைபாஸ் ரோட்டில் பைக்கோடு மணல் லாரிக்கு அடியில் போனவன். கோயில் மணி அடித்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணி, ஊரே மண் போட்டது. மறுநாள் அவன் நகராட்சி அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்தான். கொடுத்தால் டீ குடித்தான், கூப்பிட்டால் திரும்பினான், சாயங்காலம் அம்மாவோடு வீட்டுக்கு நடந்து போனான். பேசுவது மட்டும் ஒன்றே ஒன்றுதான்: “எம்மா, வண்டிச் சாவி எங்க?” அமலோற்பவமும் ஒன்றே ஒன்றுதான் சொல்லுவாள்: “காணல மக்கா, தேடிக்கிட்டிருக்கேன்.” இத்தனை பேர் நிற்கிற ஊரில் ஒருத்தன் நடப்பதை யார் பெரிசாக எடுப்பார்கள்? “அவன் சரியாச் சாவலவே, அரைகொறை” என்று ஆறுமுகநயினார் சொன்னதற்கு டீக்கடையே சிரித்தது. தவசிக்கனியும் அங்கே டீ குடித்துக்கொண்டுதான் இருந்தார், அவர் காதிலும் அது விழுந்தது, விழுந்து அப்படியே கிடந்தது.

ஐப்பசியில் பிறப்பு நின்றது.

அந்த மென்பொருள் ஊரின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு எண் கொடுக்கும். எண்கள் கயிறு மாதிரி நீளுவதில்லை, செக்கு மாதிரி சுற்றுகின்றன. கடைசி எண்ணுக்கு அப்புறம் முதல் எண், ஆனால் முதலில் நிற்கிற பழையவர்களைப் பெருக்கினால்தான் செக்கு மேற்கொண்டு சுற்ற இடம் இருக்கும். பெருக்காமல் போனால், முட்டுவதற்குச் சற்று முந்தி, உள்ளே இருக்கிறது கெட்டுப்போகக் கூடாது என்று அது கதவைச் சாத்திக்கொள்ளும். வாசிக்கலாம், ஏற்கெனவே தொடங்கினதை முடிக்கலாம், புதிதாக ஒன்றும் எழுத முடியாது. அப்படிச் சாத்திக்கொண்ட நாளிலிருந்து ஆவரங்கரையில் எந்தப் பெண்ணுக்கும் வலி வரவில்லை. மாதம் நிறைந்தவர்கள் மாதம் தாண்டினார்கள், கீறி எடுக்கலாம் என்று மேசையில் படுக்கவைத்தால் கத்தி தோலில் கோடுகூடப் போடாமல் வழுக்கியது. மீன் வண்டி ஓட்டுகிறவன் மனைவி வயிற்றில் பிள்ளை ஒருநாள் அசைவதை நிறுத்தியது. அதைப் பிறப்பில் எழுதாததால் இறப்பிலும் எழுத முடியவில்லை, அவள் அதைச் சுமந்துகொண்டே மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள், எதிரே வருகிறவர்கள் செத்தவர்களுக்கு விலகுவதைவிடத் தூரமாக அவளுக்கு விலகினார்கள்.

ஐப்பசியில் பெற்றிருக்க வேண்டியவள் சந்தனமாரி. கார்த்திகை பிறந்தபோது டாக்டரம்மா தவசிக்கனியைத் தனியே கூப்பிட்டு, “துடிப்பு இறங்கிக்கிட்டே வருதுய்யா” என்றாள்.

அன்று காலை அவர் தன் அறையில் உட்கார்ந்து, டேட்டாபேஸோடு யார் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்கிற பட்டியலைத் திறந்தார். மாதக்கணக்காக அவர் தினமும் திறந்ததுதான். ஆனால் அவர் தேடினது ஓடுகிறவர்களை; மூச்சிரைக்க ஓடி மற்றவர்களை முட்டுகிறவர் யார், பூட்டைப் பிடித்துக்கொண்டு விடாதவர் யார் என்று. சும்மா இருக்கிறவர்களை அவர் பார்த்ததே இல்லை, இந்த வேலை பார்க்கிற யாரும் பார்ப்பதில்லை. இன்று பார்த்தார். அடியிலும் அடியில், ஆடி மாதத்தில் தொடங்கி, ஒரே ஒரு வரி எழுதி, முடித்தேன் என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், ஒரு மேசை உறங்கிக்கொண்டிருந்தது. அமலோற்பவத்தின் மேசை.

இப்படி உறங்குகிறவர்களைக் கொஞ்ச நேரத்தில் தானாக வெட்டிவிட ஒரு காலக்கெடு முன்பு இருந்தது. பாதி எழுதிவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் எல்லாம் போய்விடுகிறது என்று கிளார்க்குகள் முறையிட்டதில், பாவம் என்று தவசிக்கனியே அதை எடுத்துவிட்டிருந்தார்.

தன் இடத்திலிருந்தே வெட்டலாம். ஒரு வரி போதும். அந்த வரியை எழுதினார், கடைசிப் பொத்தானில் விரலை வைத்தார், வைத்த விரலை எடுத்துவிட்டு எழுந்து முன்கட்டுக்கு நடந்தார்.

சாப்பாட்டு நேரம், பிரிவில் வேறு யாரும் இல்லை. அமலோற்பவம் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் கம்ப்யூட்டர்மேல் ஒரு பழைய சேலைத் துண்டு போர்த்தியிருந்தது, கரண்டு போனாலும் அணையாதபடி பேட்டரிக்கு அவளே தனி வயர் இழுத்திருந்தாள்.

“அக்கா, அந்தத் துணிய எடுங்க.”

“எதுக்குத் தம்பி? ஒங்க ரூம்ல இருந்தே பாத்திருப்பியளே. பாக்காம இங்க வரமாட்டிய.”

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து துணியை எடுத்தாள். மிக்கேல் என்ற பெயர், தேதி, இடம், காரணம், எல்லாம் நிரப்பியிருந்தது. அடியில் ‘பதிவு செய்’ என்ற பொத்தான் மட்டும் காத்திருந்தது.

“வேற ஆள வெச்சு எழுதுதோம்னுதான் சொன்னாவ. நாந்தான் வேண்டாம்னேன். ஊர்ல எத்தன பேத்துக்கு எழுதியிருக்கேன், எம் புள்ளைக்கு எழுதமாட்டனான்னு ஒரு வீம்பு. எல்லாம் போட்டேன். அந்தக் கடைசிக்கு மட்டும் கை போவல. சரி, ஒரு டீய குடிச்சிட்டு வருவோம்னு எந்திரிச்சு வெளிய வாறேன், படியில இருக்கான். ‘எம்மா, வண்டிச் சாவி எங்க’ங்கான்.” அவள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அன்னைக்குக் காலையிலயும் அதத்தான் கேட்டான். நாந்தான் தேடி எடுத்துக் குடுத்தேன், ஃப்ரிட்ஜு மேல கெடந்துச்சு.”

“நான் இத வெட்டி விடலாம்க்கா.”

“வெட்டினா?”

“நீங்க எழுதுனது எழுதாததா ஆயிரும். அவன் பேரு உசுரோட உள்ளதா இருக்கும்.”

அமலோற்பவம் நாற்காலியைப் பிடித்தாள். “அப்ப வெட்டும்யா! எதுக்கு நின்னுக்கிட்டிருக்கிய?”

“வெட்டினா வாரியல் மத்த எல்லாரையும் அள்ளிரும், அவனத் தொடாது. அவனுக்கு வயசு ஏறாது. நாளைக்கு நீங்க போன பொறவும் அந்தப் படியில இருந்து சாவி கேப்பான்.”

“யாருகிட்ட?”

“வாறவுக போறவுககிட்ட.”

வெளியே படியிலிருந்து, பொறுமையான, இளம் குரல் கேட்டது: “எம்மா, வண்டிச் சாவி எங்க?”

“காணல மக்கா, தேடிக்கிட்டிருக்கேன்” என்றாள் அவள், வாய்ப்பழக்கத்தில். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள் மாதிரி நின்றாள். பிறகு, “ஒம்ம மவளுக்கு எத்தன மாசம்?” என்றாள்.

“மாசமெல்லாம் தாண்டிட்டு.”

“அதுக்காகத்தான் வந்தியளோ?”

“அதுக்காகத்தான்.”

“அப்ப அங்கருந்தே வெட்டியிருக்கலாமே, எங்கிட்ட எதுக்கு வந்து கேக்கிய?”

தவசிக்கனி அந்தச் சேலைத் துண்டை எடுத்து மடித்தார். “எம் பொண்டாட்டி போனப்ப எங்கிட்ட யாரும் கேக்கலக்கா. ராத்திரி அது பாட்டுக்கு ஓடிருச்சு. காலையில பாத்தா எடம் சுத்தமா இருந்துச்சு.”

அமலோற்பவம் சேலைத் தலைப்பை விலக்கி, கழுத்தில் கிடந்த உத்தரியத்தை வெளியே இழுத்தாள். மாதாவின் படம் தைத்த துணித்துண்டோடு சேர்த்து, அதே கயிற்றில் ஒரு பைக் சாவி. முடிச்சு பலகாலம் வேர்வையில் ஊறி இறுகியிருந்தது. நகத்தால் முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தாள். தவசிக்கனி உதவப் போகவில்லை.

வாசல்வரை போனாள். அவர்கள் பேசினது தவசிக்கனிக்கு அறைக்குள்ளேயே கேட்டது.

“இந்தா மக்கா. ஃப்ரிட்ஜு மேல கெடந்துச்சு.”

“சரிம்மா. சாயந்தரம் வந்திருதேன்.”

ஆடி மாதத்துக்குப் பிறகு அவன் பேசின வேறு வார்த்தை அது ஒன்றுதான்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பொத்தானை அமுக்கினாள். வெளியே, லாரிச் சக்கரத்தில் நசுங்கிப் போலீஸ் ஸ்டேஷன் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிற ஒரு பைக் உதைபட்டு, கிளம்பி, பைபாஸ் பக்கமாகப் போகிற சத்தம் கேட்டது, தேயத் தேயக் கேட்டது.

வாரியல் ராத்திரிவரை காத்திருக்கவில்லை. பட்டப்பகலில் கிளம்பியது. லாரி வரிசையில் சொள்ளமுத்து நின்ற இடத்தில் வெயில் விழுந்தது, டீக்கடை முன்னால் பால்தூக்கு தரையில் விழுந்து உருண்டது, வரப்பில் நின்ற அப்பா இல்லாமல் போனதும் அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், மேலத்தெருவிலிருந்து வீட்டுக்கு வீடு அழுகை கிளம்பிற்று, மாதக்கணக்காகத் தள்ளிப்போட்ட அழுகை, எல்லாம் ஒரே நேரத்தில். அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு வலி எடுத்தது. எந்தச் சத்தம் எதனுடையது என்று ரோட்டில் நின்றவர்களால் பிரிக்க முடியவில்லை.

சந்தனமாரிக்குப் பெண்பிள்ளை பிறந்தது, நீலம் பாரித்து, தட்டித் தட்டி, பிறகு அழுதது. மீன் வண்டிக்காரன் மனைவிக்கும் பிறந்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்கள். பழந்துணி எடுக்க வீட்டுக்கு வந்த தவசிக்கனி அடுக்களைப் பக்கம் பார்க்காமல் பெட்டியைத் திறந்தார், பார்க்காமல் துணியை மடித்தார், கடைசியில் பார்த்தார். ஜன்னலோரம் யாரும் இல்லை. தரையில் ஒரு துளி தண்ணீர் விழுந்து, ஓரம் காய ஆரம்பித்திருந்தது.

ஊர் அமலோற்பவத்தை மன்னிக்கவில்லை. இறந்தவர்கள் நின்றபோது வழி மறிக்கிறார்கள் என்று ஏசினவர்கள்தான், அவர்கள் போனதும் அவள் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். தன் பிள்ளையை மட்டும் வழியனுப்பிவைத்தாள், எங்கள் ஆட்களைச் சொல்லாமல் கொள்ளாமல் பெருக்கிவிட்டாள் என்றார்கள். தவசிக்கனி டீக்கடையில் அவளுக்காகப் பேசப்போய், “நீரு வாய மூடும்வே, ஒமக்குப் பேத்தி கெடச்சிட்டு” என்று ஆறுமுகநயினார் சொன்னதும் டம்ளரை வைத்துவிட்டு வந்தார். காலக்கெடுவை அவர் திரும்பவும் போட்டுவிட்டார். இனி யாரும் பாதி எழுதிவிட்டு எழுந்து போக முடியாது.

வாரியலுக்கு இன்னொரு குணமும் உண்டு, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை: அது பெருக்கின இடத்தை மூடிவிடுவதில்லை. காலியாக அப்படியே வைத்திருக்கும், வருகிறவர்களுக்காக. அதனால் ஆவரங்கரையில் இன்றைக்கும் தண்ணீர் வரிசையில் இடையிடையே ஓர் ஆள் அளவு வெற்றிடம் இருக்கிறது, யாரும் அதில் நிற்பதில்லை, நடக்கிறவர்கள் ஒன்றுமில்லாததைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

பிறப்பைப் பதிய சந்தனமாரி வந்த அன்று நல்ல வெயில். முன்னால் ஆள் இருந்ததால் காத்திருக்க வேண்டியிருந்தது, பிள்ளை பசியில் வீறிட்டது. நிற்க மாட்டாமல் அவள் வாசல் படியில் உட்கார்ந்தாள், மிக்கேல் உட்கார்ந்திருந்த, எல்லாரும் விலகிப் போகிற அந்த இடத்திலேயே, தெரியாமல், சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுக்க ஆரம்பித்தாள். உள்ளே அமலோற்பவம் பாதி எழும்பிவிட்டாள். “அங்க இருக்காத…” என்று வாய்வரை வந்தது. தவசிக்கனி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் அழுகை அமர்ந்தது.

அமலோற்பவம் உட்கார்ந்தாள்.

“பேரு என்ன வெச்சிருக்கிய?” என்று கேட்டாள். சொன்னதை எழுதினாள், தேதி போட்டாள், இடம் போட்டாள், கையை எடுக்காமல், டீக்குப் போகாமல், அப்போதே அமுக்கினாள்.